முதல் வாட்டர் லூப்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

கிராபிக்ஸ் கார்டின் முழு மாடல் பெயர் கையில் இல்லாமல் வாட்டர் கூலிங்குக்கென்று ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4080 என்பது சிப்பின் பெயர் மட்டும்தான். அதே சிப்பை வைத்து ஒரே நிறுவனம் மூன்று நான்கு மாடல்கள் விற்கும், ஒவ்வொன்றின் சர்க்யூட் போர்டும் வேறாக இருக்கலாம். கார்டை முழுவதும் மூடி அதன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக், அந்த ஒரு போர்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி கடைந்து எடுக்கப்பட்டது. ஒரு கப்பாசிட்டர் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் பிளாக் உட்காராது. அழுத்தித் திருகினால் போர்டு வளையும்.

லூப் என்பது பம்ப் தள்ளும் தண்ணீர், சூடான சிப்களின் மேல் உட்காரும் பிளாக்குகள் வழியாகப் போய், ரேடியேட்டரில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பும் சுற்று. அதைத் தனக்கென்று கட்டுவதில் வரிசை முக்கியம். கார்டுக்கு ஏற்ற பிளாக், மொத்த வெப்பத்துக்கு ஏற்ற ரேடியேட்டர், ரேடியேட்டருக்கு ஏற்ற கேபினட், டியூபுக்கு ஏற்ற ஃபிட்டிங் (டியூபைப் பாகத்தோடு இணைக்கும் திருகு முனை) என்று ஒன்று மற்றதைப் பிடித்துக்கொண்டு வரும். பலரும் அழகான கேபினட்டிலிருந்தும் கூலன்ட் (லூப்பில் ஓடும் திரவம்) நிறத்திலிருந்தும் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால், வாங்கிய ரேடியேட்டர் உள்ளே நுழையாது, அல்லது பிடித்த கார்டுக்கு பிளாக்கே கிடைக்காது.

ஆகவே கார்டு வாங்கும் முன்பே பிளாக் தயாரிப்பாளர்களின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள். பிளாக் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அதற்குரிய கார்டை வாங்குவதுதான் பாதுகாப்பான வழி. சில மாடல்களில் பெயரை மாற்றாமலே போர்டை மட்டும் திருத்தி அடுத்த தொகுதியை விடுவதும் உண்டு. அதனால் பட்டியலில் 'ரிவிஷன்' என்று ஏதாவது குறிப்பு இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். கார்டு வந்ததும் உடனே கழற்றவும் வேண்டாம். அதனுடன் வந்த ஏர் கூலரோடு ஒன்றிரண்டு வாரம் நன்றாக ஓட்டிப் பாருங்கள். கூலரைக் கழற்றினால் வாரன்ட்டி போகுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழுதான கார்டுக்கு பிளாக் மாட்டிவிட்டு அப்புறம் வருந்துவதைவிட இந்த இரண்டு வாரக் காத்திருப்பு மேல்.

பிளாக் மாட்டும்போது கோளாறு பெரும்பாலும் தெர்மல் பேடில்தான் தொடங்கும். சிப்பின் மேல் வெப்பம் கடத்தும் பேஸ்ட், மெமரிக்கும் விஆர்எம்முக்கும் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) வெப்பம் கடத்தும் மெத்தென்ற பேடு. கையேட்டில் எந்த இடத்துக்கு 0.5 மி.மீ., எந்த இடத்துக்கு 1, எங்கே 1.5 என்று படம் போட்டிருக்கும். 1 மி.மீ. வைக்க வேண்டிய இடத்தில் 1.5 வைத்தால் அந்தப் பேடு பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சிப்புக்கும் தாமிரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். அப்போது தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், சிப் மட்டும் கொதிக்கும். மெலிந்த பேடு வைத்தால் எதிர்த் திசையில் சிக்கல்: சிப் சரியாக இருக்கும், மெமரி வேகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பிளாக்கை ஒருமுறை முழுவதும் மாட்டி, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கி, மறுபடி கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பேடிலும் மெமரி சிப்பின் சதுர அச்சு நான்கு விளிம்போடும் பதிந்திருக்க வேண்டும். பேஸ்ட் சிப்பின் ஓரம்வரை மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும். ஒரு பேடில் அச்சு பாதிதான் விழுந்திருந்தால் தடிமன் தவறு. சரி செய்து, பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.

பிராசஸர் பிளாக்கில் இவ்வளவு கஷ்டம் இல்லை. சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பார்த்து வாங்கினால் போதும். இன்டெலின் எல்ஜிஏ 1700-க்கான மவுண்ட் எல்ஜிஏ 1851-க்கும் பொருந்தும், எல்ஜிஏ 1200-க்கானது இரண்டுக்குமே பொருந்தாது. ஏஎம்டியின் ஏஎம்4 பிளாக்கை ஏஎம்5-ல் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளை இடைவெளி ஒன்றுதான், ஆனால் ஏஎம்5-ல் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, கழற்ற முடியாது. தனக்கென்று சொந்தப் பின்தகடு கேட்கும் பிளாக் அங்கே ஏறாது. இன்னொன்று, பிளாக்கில் 'உள்', 'வெளி' என்று குறித்த வாய்களை மாற்றிவிடாதீர்கள். உள் வாய் வழியாக வரும் தண்ணீர்தான் நடுவிலுள்ள நுண்ணிய கால்வாய்களில் நேராக அடிக்கும்படி அமைத்திருப்பார்கள்.

வெப்பக் கணக்கும் ரேடியேட்டரும்

பணத்தை எங்கே கொட்டலாம் என்று கேட்டால் ரேடியேட்டர் பரப்பில் என்றுதான் சொல்வேன். பிளாக்குகளுக்கு இடையே ஓரிரு டிகிரி வித்தியாசம் வரலாம். ஒரு ரேடியேட்டர் கூடினால் வெப்பமும் சத்தமும் இரண்டும் இறங்கும்.

கணக்கு எளிது. ஆர்டிஎக்ஸ் 4080 அதிகபட்சம் 320 வாட். ரைசன் 7 7800எக்ஸ்3டி-யின் டிடிபி (வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் குறிப்பு அளவு) 120 வாட். மொத்தம் 440. ஒரு 120 மி.மீ. ஃபேன் பகுதிக்கு 100 வாட் என்பது கட்டுபவர்கள் வழக்கமாகப் போடும் தோராயக் கணக்கு. அப்படியானால் ஒரு 360-ம் (மூன்று ஃபேன்) ஒரு 240-ம் (இரண்டு ஃபேன்) சேர்த்து ஐந்து பகுதிகள், சமாளித்துவிடும். ஃபேன் சத்தமே கேட்கக் கூடாது என்றால் இரண்டு 360 போடுங்கள். ஆர்டிஎக்ஸ் 5090 தனியாகவே 575 வாட், அதற்கு இரண்டு 360 என்பதே தொடக்கம்தான். இடம் இருந்தால் 140 மி.மீ. ஃபேன் வகையை யோசியுங்கள். ஒரு 140 ஃபேனின் பரப்பு 120-ஐவிடச் சுமார் 36 சதவீதம் அதிகம். இரண்டு ஃபேன் கொண்ட 280 ரேடியேட்டர், மூன்று ஃபேன் கொண்ட 360-ன் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது, அதுவும் குட்டையான உடம்போடு.

தடிமன் விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். 60 மி.மீ. தடிமன் வேகமான ஃபேன் இருந்தால் பயன் தரும். மெதுவாக ஓடும் ஃபேனோடு 30 மி.மீ. ரேடியேட்டருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தடித்த ஒன்றுக்குப் பதிலாக மெலிந்த இரண்டு போடுவதே நல்லது.

எதை எட்டினால் சரி? முழுச் சுமையில் தண்ணீரின் வெப்பம் அறை வெப்பத்தைவிடச் சுமார் 10 டிகிரி மேலே நின்றால் லூப் நன்றாக இருக்கிறது என்று பொருள். அறை 30 டிகிரி என்றால் தண்ணீர் 40. லூப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. பம்புக்கும் பெட்ஜி (ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) டியூபுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு 60 டிகிரி. அதன் அருகே போனால் பெட்ஜி டியூப் இளகி ஃபிட்டிங்கிலிருந்து நழுவும் அபாயம் உண்டு.

லூப்பில் எது முன்னால், எது பின்னால் என்ற கேள்விக்குத் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 440 வாட்டும் தண்ணீரில் இறங்குகிறது, ஓட்டம் நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1.6 டிகிரிதான். நடுவில் ரேடியேட்டர் வந்தாலும் வராவிட்டாலும் அவ்வளவே. ஓட்டம் நிமிடத்துக்கு 1 லிட்டராக விழுந்தால் அது 6 டிகிரியைத் தாண்டும். எனவே டியூப் குறைவாக, வளைவு குறைவாக எப்படி வருமோ அந்த வரிசையில் போடுங்கள். ரிசர்வாயர் (கூலன்ட் தேங்கி நிற்கும் கலம்) மட்டும் பம்புக்கு மேலே இருந்து பம்புக்கு நேராக ஊட்ட வேண்டும். இது ஒன்றுதான் மீறக் கூடாத விதி.

இனி கேபினட். அளவு நாடாவை எடுங்கள். 360 என்பது மூன்று ஃபேன்களின் நீளம், ரேடியேட்டரின் நீளம் அல்ல. இரண்டு முனையிலும் உள்ள தொட்டிகளைச் சேர்த்தால் அது 400 மி.மீ. அருகே வரும். வாய் இருக்கும் முனையில் ஃபிட்டிங்கும் டியூபின் வளைவும் இன்னும் இடம் கேட்கும். மேல்தட்டில் 30 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. ஃபேனும் சேர்ந்து 55 மி.மீ. கீழே தொங்கும். அங்கே ரேம் உயரமாக இருந்தால் ஃபேன் அதன் மேல் இடிக்கும். மதர்போர்டின் விஆர்எம் ஹீட்சிங்கும், மேல் ஓரத்துப் பவர் கேபிளும் அப்படித்தான். முன்பக்க ரேடியேட்டர் கார்டின் நீளத்தைத் தின்னும். 'முன்னால் 360, மேலே 360' என்று கேபினட் விளம்பரத்தில் இருந்தாலும், இரண்டையும் ஒரே சமயத்தில் போட முடியுமா என்பதைக் கையேட்டில் தேடிப் பாருங்கள். மூலையில் இரண்டின் தொட்டிகளும் மோதுவது அடிக்கடி நடக்கும்.

சின்ன விஷயம் போலத் தோன்றி ரேடியேட்டரையே கொல்லும் ஒன்று ஸ்க்ரூ நீளம். 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ என்றால், 5 மி.மீ. ரேடியேட்டர் சட்டத்துக்குள் போகும், சரி. அதே ஸ்க்ரூவை 15 மி.மீ. மெலிந்த ஃபேனில் போட்டால் 15 மி.மீ. உள்ளே போய், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான துடுப்புகளை நசுக்கி, தண்ணீர் ஓடும் தட்டைக் குழாயைக் குத்தும். ஃபேன் இல்லாமல் ரேடியேட்டரை நேரே கேபினட்டில் மாட்ட 5, 6 மி.மீ. ஸ்க்ரூதான். சில ரேடியேட்டர்களில் துளைக்குக் கீழே ஒரு பாதுகாப்புத் தகடு வைத்திருப்பார்கள். முதல் லூப்புக்கு அந்த வகையைத் தேடி வாங்குவது நல்லது. மரையும் ஒரே மாதிரி இருக்காது, சிலது எம்3, சிலது 6-32. ரேடியேட்டரோடு வந்த ஸ்க்ரூவைத் தவிர வேறெதையும் போட வேண்டாம்.

ரேடியேட்டர் வாங்கும்போது உலோகத்தையும் கேளுங்கள். தாமிரம், பித்தளை, நிக்கல் பூசிய தாமிரம் எல்லாம் ஒரே லூப்பில் இருக்கலாம். அலுமினியம் அவற்றோடு சேரக் கூடாது. இரண்டும் ஒரே தண்ணீரில் நனைந்தால் மின்கலம் போல வேலை நடந்து அலுமினியம் அரிக்கத் தொடங்கும், வெண்மையான கூழ் பிளாக்கில் அடைக்கும். பம்பும் ரேடியேட்டரும் சேர்த்து நிரப்பியே விற்கும் ரெடிமேட் ஏஐஓ கூலர்களின் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். பழைய ஏஐஓ-வைப் பிரித்து அந்த ரேடியேட்டரைப் புது லூப்பில் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

பம்ப்

பம்பில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. டி5, டிடிசி என இரண்டு குடும்பங்கள், இரண்டும் லெயிங் என்ற ஜெர்மன் நிறுவனம் உருவாக்கியவை, பிறகு சைலம் வசம் போனவை. டிடிசி சிறியது, அழுத்தம் அதிகம், சூடும் அதிகம். டி5 பெரியது, அமைதியானது. முதல் லூப்புக்கு ரிசர்வாயரோடு ஒன்றாகச் சேர்ந்த டி5 பிடபிள்யூஎம் (மதர்போர்டு வேகத்தை மாற்றக்கூடிய வகை) வாங்குங்கள். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டருக்கு ஒன்று தாராளம். அதன் பவர் நேரே பவர் சப்ளையிலிருந்து வரும், வேக சிக்னல் ஒயர் மட்டும் மதர்போர்டுக்குப் போகும். அதைச் 'சிபியு ஃபேன்' கனெக்டரில் செருகுங்கள். பம்ப் சுழலவில்லை என்றால் பெரும்பாலான போர்டுகள் தொடக்கத்திலேயே எச்சரித்து நிற்கும்.

டியூபும் ஃபிட்டிங்கும்

கண்ணாடிக் கேபினட்டில் நேர்கோடுகளாக ஓடும் ஹார்டு டியூப் பார்க்க அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் முதல் லூப்புக்கு சாஃப்ட் டியூப்தான் என் பரிந்துரை, இதில் தயக்கம் இல்லை. ஹார்டு டியூபில் ஒவ்வொரு வளைவும் ஹீட் கன், உள்ளே செருகும் சிலிகான் கயிறு, கோண அளவு என்று தனி வேலை. அறுத்த முனையை உள்ளும் வெளியும் சாய்வாக இழைத்து, விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்காத முனை கத்தி போன்றது. அதை ஃபிட்டிங்குக்குள் அழுத்தும்போது உள்ளிருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் இருந்து மெல்லிய கறுப்பு இழை ஒன்றைச் சீவிவிடும். வெளியே எதுவும் தெரியாது. தண்ணீர் சூடேறி அழுத்தம் கூடிய பிறகு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். சாஃப்ட் டியூபில் கத்தரிக்கோல் போன்ற டியூப் கட்டரால் நேராக வெட்டினால் வேலை முடிந்தது. ஒரு பாகத்தைக் கழற்ற வேண்டி வந்தாலும் டியூப் வளைந்து கொடுக்கும்.

சாஃப்ட் டியூபில் 10/13, 10/16 என்று எழுதியிருப்பது மில்லிமீட்டரில் உள்விட்டம், வெளிவிட்டம். 10/16 சுவர் தடித்தது, இறுக்கமான வளைவிலும் மடங்காது. அதை எடுங்கள். டியூபை வளையத்தால் இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங் வாங்கும்போது இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 10/13 டியூபை 10/16 ஃபிட்டிங்கில் போட்டால் வளையம் டியூபைப் பிடிக்காமல் சும்மா சுழலும், அழுத்தம் வந்ததும் டியூப் கழன்றுவிடும். தெளிவான பிவிசி டியூபில் இருக்கும் மென்மையூட்டிகள் காலப்போக்கில் கரைந்து பிளாக்கில் பசை போலப் படியும், டியூபும் மங்கும். கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூபில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஓடும் நிறம் தெரியாது என்பது ஒன்றே குறை.

எண்ணிக்கையில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு ஃபிட்டிங். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், ஒரு பம்ப்-ரிசர்வாயர் என்றால் பத்து. இது அடிப்படை. கார்டின் வாயும் பிராசஸரின் வாயும் எதிரெதிரே பார்க்கும் இடங்களில் 90 டிகிரி சுழலும் அடாப்டர் நான்கு, 45 டிகிரி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் ஜி 1/4 என்ற பொது அளவு மரைதான், நிறுவனம் மாறினாலும் சேரும். சுழலும் அடாப்டர் ஒவ்வொன்றும் கசியக்கூடிய கூடுதல் இடம் என்பதால் தேவைக்கு மட்டும்.

தண்ணீர் இறக்கும் வழியை மறந்துவிட்டுக் கட்டுவதுதான் முதல் லூப்பில் அதிகம் நடக்கும் தவறு. லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி ஃபிட்டிங், அதிலிருந்து ஒரு பால் வால்வு, வால்வின் வாய்க்கு ஒரு அடைப்பு மூடி. டி-க்கும் வால்வுக்கும் நடுவே இருபக்க ஆண் மரை அடாப்டர் ஒன்று வேண்டும், இதை வாங்க மறந்து வேலை நிற்பது வழக்கம். கீழ் ரேடியேட்டரில் உபரி வாய் இருந்தால் டி தேவையில்லை, வால்வை நேரே அங்கே மாட்டலாம். வால்வு இல்லாத லூப்பில் ஒரு ரேம் ஸ்லாட்டைத் தொடக்கூட மதர்போர்டுக்கு மேலே டியூபைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இறுக்குவது கையால் மட்டும். கசிவைத் தடுப்பது ஓ-ரிங், மரை அல்ல. ஓ-ரிங் அமர்ந்த பிறகு ஒரு கால் சுற்று போதும். ஸ்பானர் போட்டால் பிளாக்கின் அக்ரிலிக் மேல்தட்டு விரியும். அக்ரிலிக்கைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொடவே கூடாது, நுண்ணிய வெடிப்புகள் விழும்.

தண்ணீரும் சென்சாரும்

ஒரு மீட்டர் 10 மி.மீ. டியூபில் சுமார் 80 மில்லி பிடிக்கும். ரிசர்வாயர், ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்த்து இந்த அளவு லூப்புக்கு ஒரு லிட்டர் அருகில் வரும். இரண்டு லிட்டர் வாங்குங்கள். பால் போன்ற வெள்ளை, பேஸ்டல் நிறக் கூலன்ட்டுகளில் மிதக்கும் துகள்கள்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. அவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாக் கால்வாய்களில் படியும். முதல் முறை தெளிவான ரெடிமிக்ஸ் கூலன்ட் போதும், நுண்ணுயிர்க் கொல்லியும் அரிப்புத் தடுப்பானும் அதிலேயே இருக்கும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதன் உப்பும் குளோரினும் பிளாக்கைக் கெடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின் ஃபிளக்ஸ் எச்சம் இருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டரைப் பாதி நிரப்பி, வாய்களை மூடி, ஐந்து நிமிடம் ஆட்டி, வெள்ளைக் காபி வடிகட்டித் தாளில் ஊற்றுங்கள். தாளில் கறுப்புத் துகள் விழுவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். நான்கைந்து முறை ஆகலாம். இதைத் தவிர்த்தால் அந்தத் துகள்கள் அனைத்தும் பிராசஸர் பிளாக்கில்தான் போய்ச் சேரும்.

தண்ணீர் வெப்பம் காட்டும் 10 கிலோஓம் சென்சார் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். மதர்போர்டில் அதைச் செருக இரண்டு பின் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பிராசஸர் வெப்பம் ஒரே நொடியில் 20 டிகிரி குதிக்கும். ஃபேன் அதைப் பின்தொடர்ந்தால் விநாடிக்கு ஒருமுறை உறுமும். ஒரு லிட்டர் தண்ணீரோ, 440 வாட் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஒன்றும் வெளியே விடாவிட்டால்கூட ஒரு டிகிரி ஏற 9 நொடிக்கு மேல் எடுக்கும். ஃபேன் வேகத்தை இந்தத் தண்ணீருக்குக் கட்டினால் அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். 32 டிகிரிவரை மிகக் குறைந்த வேகம், 42-ல் முழு வேகம் என்று தொடங்கி, உங்கள் அறைக்கு ஏற்றபடி நகர்த்துங்கள்.

நிரப்பும் நாள்

ஷாப்பிங் பட்டியலில் கடைசியாகச் சேர வேண்டியவை இரண்டு. ஒன்று, காற்றழுத்தக் கசிவு டெஸ்டர். தண்ணீர் ஊற்றும் முன் 0.5 பார் தாண்டாமல் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்காவிட்டால் கசிவில்லை. இறங்கினால் லூப்பைப் பாதி பாதியாக அடைத்துச் சோதித்து இடத்தைப் பிடிக்கலாம், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். இன்னொன்று, 24 பின் ஜம்பர் பிளக். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் இல்லாமல் பம்பை மட்டும் ஓட்ட இது உதவும்.

ரிசர்வாயரை நிரப்பி, பம்பை இரண்டு மூன்று நொடி ஓட்டி, மட்டம் இறங்கியதும் நிறுத்தி, மறுபடி ஊற்றுங்கள். பம்பின் தாங்கிக்கு எண்ணெய் அந்தத் தண்ணீர்தான், காய்ந்து ஓடினால் தேயும். லூப் நிறைந்ததும் கேபினட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாயுங்கள், ரேடியேட்டரில் சிக்கிய காற்று கடகடவென்று ரிசர்வாயருக்கு வரும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழும் வெள்ளை டிஷ்யூ வைத்து, ஒரு நாள் முழுக்கப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். டிஷ்யூ காய்ந்தபடி இருந்தால் 24 பின் கேபிளை மதர்போர்டில் செருகலாம். முதல் வாரத்தில் நுண்குமிழிகள் வெளியேற வெளியேற ரிசர்வாயர் மட்டம் ஒரு விரற்கடை இறங்கும். மீதிக் கூலன்ட் அதற்காகத்தான், மூடியைத் திறந்து அந்த அளவுக்கு ஊற்றி மூடிவிடுங்கள்.